காலேஜ் ஃபீஸுக்கு கவர்மென்ட் பணம்: என்கிட்ட திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்க

நான் ஒரு தனியார் காலேஜ் ஆபீஸ்ல நாலு வருஷம் ஸ்காலர்ஷிப் சீட்ல உக்காந்திருந்தவன். இப்போ வேற வேலை, ஆனாலும் பிளஸ் டூ ரிசல்ட் வந்தா போதும், சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க, தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு "அண்ணா ஒரு டவுட்"டுன்னு மெசேஜ் வர ஆரம்பிச்சிடும். ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் போட்டுப் போட்டு தொண்டை வத்திப் போச்சு, அதான் மொத்தமா இங்க எழுதி வெச்சிடறேன். இது முழுக்க தமிழ்நாட்டுல படிக்கிற பசங்களுக்கானது.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். தகுதி இல்லாம பணம் கிடைக்காதவங்களை விட, தகுதி இருந்தும் ஆதார்லயும் பேங்க்லயும் மாட்டிக்கிட்டு பணம் வராம போனவங்கதான் நான் பார்த்ததுல ஜாஸ்தி. அதனால அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

ஸ்காலர்ஷிப், சலுகை, லோன் எல்லாம் ஒண்ணுதானே?

இல்லவே இல்ல. ஸ்காலர்ஷிப்னா உங்க அக்கவுண்ட்டுக்கு வர்ற பணம், திருப்பித் தர வேண்டாம். சலுகைன்னா ஃபீஸ்லயே கழிச்சிடுவாங்க, பணத்தை நீங்க கண்ணால பாக்க மாட்டீங்க, முதல் பட்டதாரி சலுகை அந்த மாதிரி. லோன்னா லோன்தான், வட்டியோட கட்டணும். 2024 நவம்பர்ல சென்ட்ரல் கேபினட் ஓகே பண்ண பிஎம் வித்யாலக்ஷ்மியை நிறைய பேர் ஸ்காலர்ஷிப்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க, அது கல்விக்கடன். குடும்ப வருமானம் 8 லட்சம் வரைக்கும் இருந்தா 10 லட்சம் வரையான கடனுக்கு வட்டியில 3 சதவீதம் கவர்மென்ட் ஏத்துக்கும், அவ்ளோதான், அசலை யாரும் கட்ட மாட்டாங்க. வாங்குறது தப்பில்ல, ஆனா என்ன வாங்குறோம்னு தெரிஞ்சு வாங்கணும்.

எனக்கு எது கிடைக்கும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

யாராவது வந்து கேட்டா நான் நாலே விஷயம்தான் கேப்பேன். ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் எந்த ஸ்கூல்ல படிச்சே? என்ன கம்யூனிட்டி? வீட்டு வருமானம் எவ்ளோ, அதாவது சர்டிபிகேட்ல எவ்ளோ? வீட்ல வேற யாராவது டிகிரி முடிச்சிருக்காங்களா? இந்த நாலுக்கும் பதில் வந்துட்டா முக்கால்வாசி முடிஞ்சுது. மார்க்கை நான் கடைசியாதான் கேப்பேன், ஏன்னா நம்ம ஊர் ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் மார்க்கை வெச்சு இல்ல. "நான் 60 பர்சன்ட்தான், எனக்கெல்லாம் யாரு தரப்போறா"ன்னு அப்ளையே பண்ணாத பசங்களைப் பார்த்தா கோவமா வரும்.

புதுமைப் பெண் 1000 ரூபாய் யாருக்கெல்லாம் கிடைக்கும்?

ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சிட்டு டிகிரி, டிப்ளமோ, ஐடிஐன்னு ஏதோ ஒண்ணுல சேர்ந்திருக்கிற பொண்ணுங்களுக்கு, படிப்பு முடியுற வரைக்கும் மாசம் 1000. 2022 செப்டம்பர் 5 ஆரம்பிச்சாங்க. 2024 டிசம்பர் கடைசியில இதை எய்டட் ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்ச பொண்ணுங்களுக்கும் நீட்டிச்சாங்க. ஆர்டிஇல, அதாவது கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டுல, தனியார் ஸ்கூல்ல எட்டாவது வரைக்கும் படிச்சிட்டு ஒம்பதாவதுல இருந்து கவர்மென்ட் ஸ்கூலுக்கு மாறுனவங்களுக்கும் உண்டு.

இதுல கம்யூனிட்டி கிடையாது, வருமான வரம்பு கிடையாது. ஒரே வீட்ல மூணு பொண்ணு படிச்சா மூணு பேருக்கும் வரும். இதை நம்பவே மாட்டேங்கிறாங்க, "அக்காவுக்கு வருதே, எனக்கு எப்படி"ன்னு கேட்டுட்டு விட்டுடறாங்க.

இதோட முழுப்பேரு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். அதே அம்மையார் பேர்ல முன்னாடி கல்யாணத்துக்குப் பணமும் தாலிக்குத் தங்கமும் குடுத்தாங்க இல்லையா, அதைத்தான் படிப்புக்குன்னு மாத்துனாங்க. எங்க பாட்டி இன்னும் "அந்த ஒரு பவுனை நிறுத்திட்டாங்களே"ன்னு பொலம்பும், பேத்தி அந்த 1000 ரூபாயில பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் பாத்துக்கிட்டு இருக்கா.

நீங்களா எங்கயும் போய் அலைய வேண்டாம், காலேஜ்ல இதுக்குன்னு ஒரு நோடல் ஆபீசர் இருப்பாங்க, அவங்க வழியாதான் பதிவு. ஸ்கூல்ல உங்களுக்குன்னு குடுத்த மாணவர் பதிவு நம்பர், அதாவது ஈமிஸ் நம்பரை வெச்சு நீங்க எங்க படிச்சீங்கன்னு சரிபார்ப்பாங்க, அதனால டிசி வாங்கும்போதே ஈமிஸ் நம்பரை குறிச்சு வெச்சுக்கோங்க.

பசங்களுக்கு ஒண்ணும் இல்லையா?

இருக்கு. தமிழ்ப் புதல்வன். 2024 ஆகஸ்ட் 9 கோயம்புத்தூர்ல ஆரம்பிச்சது, அதே மாசம் 1000. கவர்மென்ட் ஸ்கூல், இல்லன்னா எய்டட் ஸ்கூல்ல தமிழ் மீடியம், ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும். நடைமுறையும் கிட்டத்தட்ட அதேதான்.

கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சா இன்ஜினியரிங் ஃபீஸே கட்ட வேண்டாம்னு சொல்றாங்களே, நிஜமா?

7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுல சீட் வாங்குனா நிஜம்தான். 2020ல மெடிக்கலுக்கு மட்டும் வந்துச்சு, 2021ல இன்ஜினியரிங், அக்ரி, வெட்னரி, லாவுக்கெல்லாம் நீட்டிச்சாங்க, அந்த வருஷம் செப்டம்பர்லயே இந்தப் பசங்களோட ட்யூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ், கவுன்சிலிங் ஃபீஸ் எல்லாத்தையும் கவர்மென்ட்டே ஏத்துக்கும்னு அறிவிச்சாங்க. ஆனா ஒண்ணு, கவுன்சிலிங் அப்ளிகேஷன்லயே இந்த ஒதுக்கீட்டை கேட்டிருக்கணும். நானே பாத்திருக்கேன், ஒரு பையன், எல்லா வருஷமும் கவர்மென்ட் ஸ்கூல், ஆனா பிரவுசிங் சென்டர்ல அவசரத்துல ஃபார்ம் போட்டவரு அந்த இடத்துல "இல்லை"ன்னு டிக் பண்ணிட்டாரு, பையனும் பாக்காம ஓகே சொல்லிட்டான். சப்மிட் பண்றதுக்கு முன்னாடி பிரிண்ட் எடுத்து வீட்ல வந்து ஒரு தடவை படிங்க, பத்து ரூபாய் செலவு.

எஸ்சி எஸ்டி பசங்களுக்கு போஸ்ட் மெட்ரிக்ல என்னென்ன வரும்?

போஸ்ட் மெட்ரிக்னா பத்தாவதுக்கு மேல படிக்கிறவங்களுக்கான ஸ்காலர்ஷிப். வருமானம் 2.5 லட்சத்துக்குள்ள இருக்கணும். ரெண்டு பகுதியா யோசிச்சுக்கோங்க. ஒண்ணு, காலேஜ் திருப்பித் தராத கட்டாய ஃபீஸ், அதாவது ட்யூஷன், எக்ஸாம் மாதிரி. இன்னொண்ணு உங்க செலவுக்குன்னு வருஷத்துக்கு ஒரு தொகை. எஸ்சி திட்டத்துல 2021 விதிப்படி புரொஃபஷனல் டிகிரி படிச்சா ஹாஸ்டல்ல இருக்கவங்களுக்கு 13,500, வீட்ல இருந்து வர்றவங்களுக்கு 7,000. சாதாரண பிஏ, பிஎஸ்சி, பிகாம்னா ஹாஸ்டலுக்கு 6,000, வீட்ல இருந்து வந்தா 3,000. மாற்றுத்திறனாளியா இருந்தா இதுல 10 சதவீதம் கூட. எஸ்டிக்கு தனித் திட்டம், தொகை வேற மாதிரி இருக்கும்.

மதம் மாறுன கிறிஸ்தவ ஆதிதிராவிடர் பசங்களுக்கு சென்ட்ரல்ல எஸ்சின்னு கணக்கு கிடையாது, ஆனா நம்ம ஸ்டேட் கவர்மென்ட் தன் பணத்துல குடுக்குது. கிறிஸ்தவங்கன்னா கிடைக்காதுன்னு யாரோ சொன்னாங்கன்னு அப்ளை பண்ணாம விடாதீங்க.

எஸ்சி திட்டத்துல பணம் சென்ட்ரல் 60, ஸ்டேட் 40ன்னு பிரிச்சு வருது. அதனாலதான் ரெண்டு தடவையா, வெவ்வேற நாள்ல, வெவ்வேற தொகையா அக்கவுண்ட்ல ஏறும். "பாதிதான் வந்திருக்கு, மீதியை காலேஜ் அமுக்கிட்டாங்க"ன்னு சண்டைக்கு வந்த அப்பாவை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்த மனுஷனை உக்கார வெச்சு பாஸ்புக்ல ரெண்டு வரவையும் பென்சில்ல வட்டம் போட்டுக் காட்டுன பிறகுதான் டீ குடிச்சாரு.

ஸ்காலர்ஷிப் வரும்னு தெரிஞ்சும் காலேஜ்ல முன்னாடியே ஃபீஸ் கட்டச் சொல்றாங்க, என்ன பண்றது?

இதுதான் ரொம்ப வலிக்கிற கேள்வி. 2012ல ஆதிதிராவிடர் நலத்துறை போட்ட 92ஆம் நம்பர் ஜிஓ, அதாவது அரசாணை இருக்கு, தனியார் காலேஜ்ல படிக்கிற எஸ்சி, எஸ்டி, மதம் மாறுன கிறிஸ்தவ ஆதிதிராவிடர் பசங்களோட கட்டாய ஃபீஸை கவர்மென்ட் ஏத்துக்கறதுக்கான ஜிஓ அது. அட்மிஷன் ஆபீஸ்ல "92 ஜிஓ"ன்னு சொன்னா எதைக் கேக்குறீங்கன்னு அவங்களுக்குப் புரியும். சென்ட்ரல் விதியிலயும் ஃப்ரீஷிப் கார்டுன்னு ஒண்ணு இருக்கு, தகுதியான மாணவருக்கு அதைக் காட்டி முன்பணம் இல்லாம சேரலாம்.

நேர்ல போனா என்ன நடக்கும்? "மேனேஜ்மென்ட்கிட்ட பேசிட்டு வாங்க"ம்பாங்க. வாயால பேசாதீங்க. ஒரு வெள்ளைத் தாள்ல பேரு, கோர்ஸ், கம்யூனிட்டி சர்டிபிகேட் நம்பர், வருமான சர்டிபிகேட் நம்பர் எழுதி "92 ஜிஓ படி சேர்க்கை வேண்டுகிறேன்"னு பிரின்சிபாலுக்கு லெட்டர் குடுத்து, காப்பியில சீல் வாங்குங்க. சீட்ல உக்காந்திருந்தவன்கிற முறையில சொல்றேன், சீல் கேக்குற பையனை ஆபீஸ்ல வேற மாதிரிதான் பாப்பாங்க. அப்பவும் நடக்கலன்னா மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலர்கிட்ட அதே லெட்டர் காப்பியோட போங்க, கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனுநாள்லயும் குடுக்கலாம்.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் சொல்லணும். ஃபீஸ் தொகை இப்போ மாணவர் அக்கவுண்ட்டுக்குத்தான் வருது. வந்த உடனே காலேஜுக்கு கட்டிடணும். அதை வண்டி ட்யூவுக்கோ தங்கச்சி சடங்குக்கோ எடுத்துட்டா அடுத்த வருஷம் ஹால் டிக்கெட் நேரத்துல நிக்க வேண்டி வரும், அப்புறம் அடுத்து வர்ற பசங்களையும் காலேஜ் நம்பாது.

நான் பிசி எம்பிசி, எனக்கு என்ன இருக்கு?

கவர்மென்ட், எய்டட் காலேஜ்ல மூணு வருஷ பிஏ, பிஎஸ்சி, பிகாம் படிக்கிற பிசி, எம்பிசி, சீர்மரபினர் பசங்களுக்கு இலவசக் கல்வித் திட்டத்துல வருமான வரம்பே இல்ல. பிஜி, பாலிடெக்னிக், புரொஃபஷனல் கோர்ஸுக்குத்தான் 2.5 லட்சம் வரம்பு வருது. நிறைய பேர் "வருமானம் ஜாஸ்தி"ன்னு முதல் வகையிலயே அப்ளை பண்றதில்ல.

ஐஐடி என்ஐடின்னு வெளிய போனா?

பிசி எம்பிசி பசங்க, வருமானம் 2.5 லட்சத்துக்குள்ள இருந்தா, ஐஐடி, ஐஐஎம், என்ஐடி, ட்ரிபிள் ஐடி, சென்ட்ரல் யுனிவர்சிட்டில படிக்க வருஷத்துக்கு 2 லட்சம் வரைக்கும் ஸ்டேட் கவர்மென்ட் குடுக்குது. கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சு இந்த மாதிரி இடத்துக்குப் போற பசங்களுக்கு முழுச் செலவையும் ஏத்துக்கற அறிவிப்பு 2022ல வந்துச்சு. உங்க ஸ்கூல் ஹெச்எம்கிட்ட போங்க, அவங்களுக்கே அது பெருமை, ஓடி ஓடி செய்வாங்க.

முதல் பட்டதாரி சர்டிபிகேட் எதுக்கு, யாருக்கு?

வீட்ல இதுவரைக்கும் யாருமே டிகிரி முடிக்கலன்னா. கம்யூனிட்டி பாக்க மாட்டாங்க, வருமானம் பாக்க மாட்டாங்க. ஆனா சிங்கிள் விண்டோ கவுன்சிலிங் வழியா இன்ஜினியரிங் மாதிரி புரொஃபஷனல் கோர்ஸ்ல சேர்றவங்களுக்குத்தான், பிஎஸ்சி சேர்றதுக்கு இது வேலைக்கு ஆகாது. தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல வருஷத்துக்கு 25,000 ட்யூஷன்ல கழியும்.

சிக்கல் எங்கன்னா, "வீட்ல"ன்னா யாரு? அப்பா அம்மா மட்டும் இல்ல, அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி, ரெண்டு பக்கத்து தாத்தா பாட்டி எல்லாரோட படிப்பையும் எழுதணும். ஒரு குடும்பத்துல ஒருத்தருக்குத்தான் சலுகை. அண்ணன் ஏற்கனவே வாங்கியிருந்தா தம்பிக்குக் கிடையாது, இதை மறைச்சு வாங்குனா பின்னாடி மாட்டுவீங்க, உறுதிமொழியில கையெழுத்துப் போட்டது நீங்கதான்.

இ-சேவையில 60 ரூபாய், அப்புறம் விஏஓ, ஆர்ஐ, துணை தாசில்தார்னு போகும். கவுன்சிலிங் ஆரம்பிச்ச பிறகு போனா எல்லாரும் அந்த ஒரே விஏஓ முன்னாடிதான் நிப்பாங்க, ரிசல்ட்டுக்கு முன்னாடியே போட்டு வெச்சிடுங்க.

எங்க வருமானம் மூணு லட்சம், அப்போ எதுவுமே இல்லையா?

இருக்கு, இங்கதான் மார்க் உதவும். பிஎம் யுஎஸ்பின்னு சென்ட்ரல் ஸ்காலர்ஷிப், வருமான வரம்பு 4.5 லட்சம். உங்க போர்டுல பிளஸ் டூ எழுதுனவங்கள்ல மேல இருக்கிற 20 பர்சன்டைல்ல வரணும். டிகிரிக்கு வருஷம் 12,000, பிஜிக்கு 20,000, நாலு அஞ்சு வருஷ கோர்ஸ்னா நாலாவது வருஷத்துல இருந்து 20,000. நாடு முழுக்க வருஷத்துக்கு 82,000 பேருக்குப் புதுசா, அதுல பாதி பொண்ணுங்களுக்கு. என்எஸ்பி, அதாவது நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல போடணும், அங்க முதல்ல ஓடிஆர்னு 14 இலக்க நம்பர் எடுக்கணும், அது ஒரு தடவை எடுத்தா போதும்.

டெக்னிக்கல் படிக்கிற பொண்ணுன்னா ஏஐசிடிஇ, அதாவது டெக்னிக்கல் கல்விக்கான சென்ட்ரல் கவுன்சில் குடுக்கிற பிரகதி ஸ்காலர்ஷிப்பைப் பாருங்க, வருமானம் 8 லட்சம் வரைக்கும் ஓகே, வருஷத்துக்கு 50,000. டிகிரி, டிப்ளமோ ரெண்டுக்கும் உண்டு, ஒரு வீட்ல ரெண்டு பொண்ணு வரைக்கும். முதல் வருஷம் சேர்றவங்க, லேட்டரல் என்ட்ரியில நேரா ரெண்டாம் வருஷம் சேர்றவங்க போடலாம். 40 சதவீதமோ அதுக்கு மேலயோ ஊனம் இருக்கவங்களுக்கு சக்ஷம்னு அதே 50,000. இவ்ளோ பெரிய தொகை, ஆனா நான் சீட்ல இருந்த நாலு வருஷத்துல இதைப் பத்தி தானா வந்து கேட்டவங்க கைவிரல்ல எண்ணிடலாம், நோட்டீஸ் போர்டுல நான் ஒட்டுன பேப்பர் மேல கேன்டீன் மெனு ஒட்டிட்டாங்க.

ஸ்டேட்டஸ்ல அப்ரூவ்டுன்னு காட்டுது, பணம் வரல. எங்க போச்சு?

வாங்க, இதுக்குத்தான் நான் இவ்ளோ நேரம் எழுதுறேன்.

கவர்மென்ட் இப்போ நீங்க ஃபார்ம்ல எழுதுன அக்கவுண்ட் நம்பருக்குப் பணம் அனுப்புறதில்ல, பெரும்பாலும் உங்க ஆதார் நம்பருக்கு அனுப்புது. அந்த ஆதார் கடைசியா எந்த பேங்க்கோட சேர்ந்திருக்குன்னு, பேங்குகளுக்கு நடுவுல பணம் போறதைப் பாத்துக்கற என்பிசிஐங்கிற நிறுவனம் ஒரு கணக்கு வெச்சிருக்கு, மேப்பர்னு பேரு. அதுல ஒரு ஆதாருக்கு ஒரே ஒரு பேங்க்தான் இருக்கும். பணம் நேரா அங்க போயிடும்.

எங்க அக்கா பொண்ணுக்கு இதுதான் ஆச்சு. காலேஜ்ல சேரும்போது பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு பேங்க்ல புது அக்கவுண்ட், அந்த பாஸ்புக் ஜெராக்ஸைத்தான் குடுத்தா. கூடப் படிக்கிற புள்ளைங்களுக்கெல்லாம் மாசம் 1000 வருது, இவளுக்கு நாலு மாசம் ஒண்ணும் இல்ல, காலேஜ்ல கேட்டா "எங்க சைடு எல்லாம் ஓகே"ங்கிறாங்க. அக்கா போன் பண்ணி "டேய் நீதானே அந்த வேலையில இருந்த, என்னன்னு பாரு"ன்னு ஒரே திட்டு. நான் ஆதார் சைட்ல லாகின் பண்ணி பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் பாத்தேன், வேற பேங்க் பேரு வருது. அவ ஏழாவது படிக்கும்போது ஸ்கூல்ல ஏதோ உதவித்தொகைக்காக ஜீரோ பேலன்ஸ்ல ஆரம்பிச்ச அக்கவுண்ட், அவளுக்கே ஞாபகம் இல்ல. அந்த பாஸ்புக் ரேஷன் கார்டு வெக்கிற டப்பாவுல அடியில கெடந்துச்சு. மறுநாள் எடுத்துட்டுப் போய் மெஷின்ல விட்டா, கர்ர்ர்னு ஓடி, 1000, 1000, 1000, 1000, நடுவுல எஸ்எம்எஸ் சார்ஜ்னு 17 ரூபாய் 70 பைசா புடிச்சிருக்கான். அவ முகத்தைப் பாக்கணுமே. நாலு மாசமா யாரையெல்லாம் திட்டுனோமோ அவங்க யாரும் தப்பு பண்ணல.

இதுல எல்லாரும் குழம்புற இடம் ஒண்ணு இருக்கு. பேங்க்ல கேட்டா "ஆதார் லிங்க் ஆயிருக்கு"ன்னு சொல்லுவாங்க. லிங்க் வேற, சீடிங் வேற. லிங்க்னா கேஒய்சிக்கு உங்க ஆதார் காப்பி அந்த பேங்க்ல இருக்குன்னு அர்த்தம், அது நாலு பேங்க்லயும் இருக்கலாம். சீடிங்னாதான் அந்த மேப்பர்ல ஏறியிருக்குன்னு அர்த்தம். அதனால கவுன்டர்ல "லிங்க் பண்ணுங்க சார்"னு கேக்காதீங்க, "டிபிடிக்கு என்பிசிஐ சீடிங் பண்ணணும், ஃபார்ம் குடுங்க"ன்னு கேளுங்க, டிபிடின்னா கவர்மென்ட் பணம் நேரா அக்கவுண்ட்டுக்கு வர்றது. ஏற்கனவே வேற பேங்க்ல இருந்தா அந்த பேங்க் பேரையும் ஃபார்ம்ல எழுதணும். குடுத்துட்டு ஒரு வாரம் கழிச்சு ஆதார் சைட்ல பேங்க் பேரு மாறியிருக்கான்னு நீங்களே பாருங்க, அவங்க சொல்றதை வெச்சு விட்டுடாதீங்க.

இன்னொண்ணு, மொபைல்ல ரீசார்ஜ் பண்ற கடையில "விரலை வைங்க"ன்னு சொல்லி பேமென்ட்ஸ் பேங்க் அக்கவுண்ட் ஆரம்பிச்சு விட்டுடுவாங்க, அதுல சீடிங்கும் மாறிடும். பணம் ஒழுங்கா வந்துக்கிட்டு இருந்து திடீர்னு நின்னா நான் முதல்ல கேக்குறது "சமீபத்துல எங்கயாவது கைரேகை வெச்சியா"ங்கிறதுதான்.

அப்புறம், ரெண்டு வருஷம் எந்தப் போக்குவரத்தும் இல்லாத அக்கவுண்ட் செயல்படாத அக்கவுண்ட் ஆயிடும். பழைய அக்கவுண்ட்டையே வெச்சுக்கறதுன்னா கேஒய்சி புதுப்பிச்சு நூறு ரூபாயாவது போட்டு எடுத்து உயிரோட வெச்சிருங்க.

பேரு மிஸ்மேட்ச்னு ரிஜெக்ட் ஆயிடுச்சு, ஒரே பேருதானே?

உங்களுக்கு ஒரே பேரு. கம்ப்யூட்டருக்கு "மு. கவிதா", "கவிதா எம்", "கவிதா முருகேசன்" மூணு பேரு. நம்ம ஊர் இனிஷியல் வழக்கம் சென்ட்ரல் போர்ட்டலுக்குப் புரியவே புரியாது. மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னாடி, ஆதார்ல அப்பா பேரு முழுசா பின்னாடி, பேங்க்ல இனிஷியல் இல்லவே இல்ல, இப்படித்தான் முக்கால்வாசிப் பேருக்கு இருக்கு. மார்க் ஷீட்டை மாத்துறது பெரிய வேலை, அதனால அதை அடிப்படையா வெச்சு ஆதாரை மாத்துங்க, அப்புறம் அந்த ஆதாரைக் காட்டி பேங்க்ல மாத்துங்க. இந்த வரிசை முக்கியம், பேங்க்ல முதல்ல மாத்தப் போனா ஆதாரைக் கேட்டுத் திருப்பி அனுப்பிடுவாங்க. ஆதார்ல பேரை ரெண்டு தடவைக்கு மேல சுலபமா மாத்த முடியாது, எழுத்துக்கு எழுத்து பாத்துட்டு குடுங்க.

வருமான சர்டிபிகேட் போன வருஷம் வாங்குனது இருக்கு, அது போதுமா?

ஒரு வருஷம்தான் செல்லும், தேதி பாருங்க. எவ்ளோ போடணும்னு என்கிட்ட கேக்காதீங்க, இருக்கறதைப் போடுங்க. அப்பாவுக்கு சம்பள சிலிப் இருந்து 72,000னு சர்டிபிகேட் வாங்குறது, பான் கார்டு காலத்துல, ரிஸ்க்தான்.

ரெண்டு ஸ்காலர்ஷிப் சேர்த்து வாங்கலாமா?

புதுமைப் பெண்ணும் தமிழ்ப் புதல்வனும் வேற ஸ்காலர்ஷிப் வாங்குனாலும் கிடைக்கும், அது தனி. ஒரே ட்யூஷன் ஃபீஸுக்கு ரெண்டு இடத்துல பணம் வாங்க முடியாது. சென்ட்ரல் ஸ்காலர்ஷிப் ரெண்டு ஒரே வருஷத்துல முடியாது, எது பெருசோ அதைப் போடுங்க. எஸ்சி பொண்ணு, இன்ஜினியரிங், தனியார் காலேஜ்னா போஸ்ட் மெட்ரிக்ல ஃபீஸே போயிடும், 50,000ங்கிற நம்பரைப் பாத்து பிரகதிக்குத் தாவாதீங்க, ஃபீஸ் ரசீதை வெச்சு கூட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

மேனேஜ்மென்ட் கோட்டாவுல சேர்ந்தா?

போஸ்ட் மெட்ரிக் கிடையாது. சில காலேஜ்ல கவுன்சிலிங் சீட் மாதிரியே பேசி மேனேஜ்மென்ட்ல போட்டுடுவாங்க, அலாட்மென்ட் ஆர்டர் கையில இருக்கான்னு பாருங்க. மாசம் 1000 திட்டத்துக்கு இந்தத் தடை இல்ல.

தபால்ல, ஓப்பன் யுனிவர்சிட்டில படிக்கிறேன்?

மாசம் 1000ம் வராது, பிஎம் யுஎஸ்பி 12,000மும் வராது. ரெகுலர் கோர்ஸ் வேணும்.

முதல் வருஷம் வந்துச்சு, ரெண்டாம் வருஷம் நின்னுடுச்சு, ஏன்?

பெரும்பாலும் ரினீவல் போடாததுதான். என்எஸ்பில ஒவ்வொரு வருஷமும் போடணும், தானா ஓடாது. பிஎம் யுஎஸ்பிக்கு 50 சதவீத மார்க்கும் 75 சதவீத அட்டெண்டன்ஸும் வேணும். அதோட நீங்க சப்மிட் பண்ணா மட்டும் பத்தாது, காலேஜ்ல வெரிஃபை பண்ணணும். கடைசி நாள் ராத்திரி போட்டா அந்த ஆபீஸ்ல இருக்கிற ஒரே ஆளு முன்னாடி 300 அப்ளிகேஷன் நிக்கும், அந்த ஆளா இருந்து சொல்றேன், எல்லாத்தையும் பாக்க முடியாது. போட்ட மறுநாளே அப்ளிகேஷன் நம்பரை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி நேர்ல குடுத்துட்டு வாங்க, கண்டிப்பா முன்னாடி பாப்பாங்க.

இந்தப் பணத்துக்கு வரி உண்டா?

கிடையாது.

"ஸ்காலர்ஷிப் டிபார்ட்மென்ட்ல இருந்து பேசுறோம்"னு போன் வந்துச்சு, க்யூஆர் அனுப்பியிருக்காங்க.

கட் பண்ணுங்க. ஸ்கேன் பண்ணி பின் போட்டா பணம் போகும், எந்தக் காலத்துலயும் வராது. உங்க பேரு, காலேஜ், அப்பா பேரு எல்லாம் சரியா சொல்லுவாங்க, அதை வெச்சு நம்பிடாதீங்க. பணம் வர ஓடிபி யாரும் கேக்க மாட்டாங்க. ஏற்கனவே போயிடுச்சுன்னா அழுதுட்டு உக்காராம உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்குக் கூப்பிடுங்க.

நான் இப்போ ரெண்டாம் வருஷம், முதல் வருஷம் எதுவுமே போடல. லேட்டா?

எதுக்குங்கிறதைப் பொறுத்து. பிஎம் யுஎஸ்பி பிளஸ் டூ முடிச்ச அந்த வருஷம்தான் புதுசா போட முடியும், பிரகதியும் முதல் வருஷத்தோட சரி, லேட்டரல் என்ட்ரி தவிர. அது ரெண்டும் போச்சு, விடுங்க. முதல் பட்டதாரி சலுகை கவுன்சிலிங்லயே கேட்டிருக்க வேண்டியது. ஆனா எஸ்சி, எஸ்டி, பிசி, எம்பிசி ஸ்காலர்ஷிப் இந்த வருஷத்துக்குப் போடலாம், மாசம் 1000 திட்டத்துலயும் விட்டுப்போனவங்க காலேஜ் நோடல் ஆபீசர்கிட்ட பேரைக் குடுக்கலாம். நாளைக்கு லஞ்ச் டைம்ல கேன்டீன் போறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல ஒரு நடை போய் கேளுங்க, போறப்போ ஆதார், ஜாதி சர்டிபிகேட், வருமான சர்டிபிகேட், பாஸ்புக் முதல் பக்கம், பிளஸ் டூ மார்க் ஷீட், எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க. ஒண்ணு மட்டும் எடுத்துட்டுப் போனா "இன்னொரு காப்பி வேணுமே"ன்னுதான் சொல்லுவோம்.